டோக்கியோவா, சியோலா, லண்டனா? நண்பரோடு நான்கு நாள் சுற்ற எந்த நகரம்

இரண்டு பேர் கிளம்புகிறார்கள். ஒருவருக்கு அனிமே என்னும் ஜப்பானியக் கார்ட்டூன் என்றால் உயிர், அல்லது கொரியப் பாப் இசையான கே-பாப், அல்லது ஹாரி பாட்டர். இன்னொருவருக்கு அதில் பாதி ஆர்வம்கூட இல்லை. நல்ல சாப்பாடு, சுற்றிப் பார்க்க நாலு இடம், கூடச் சிரிக்க ஒரு நண்பர் இருந்தால் போதும். கையில் நான்கைந்து நாள் விடுமுறை இருக்கிறது. டோக்கியோ, சியோல், லண்டன் என்று மூன்று பெயர்களை வைத்துக்கொண்டு வாட்ஸாப்பில் மாதக்கணக்காகப் பேச்சு ஓடுகிறது, டிக்கெட் மட்டும் போட்டபாடில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீவிர ரசிகருக்கு இந்த மூன்றில் எங்கே போனாலும் சந்தோஷம்தான். அவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கூடப் போகிற மற்றவரின் நாள் எப்படிக் கழியும் என்பதை வைத்துத்தான் நகரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொம்மைக் கடை வாசலில் பையைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றவர் அடுத்த பயணத்துக்கு வரமாட்டார்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, ரசிகர் தேடிப் போகிற இடமும் மற்றவர் பார்க்க விரும்பும் இடமும் எவ்வளவு அருகருகே இருக்கின்றன. ஒரே தெருவில் இரண்டும் இருந்தால் யாரும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஒன்றுக்கொன்று ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தால், ஒவ்வொரு நாள் காலையும் 'இன்று யாருடைய நாள்' என்ற பேச்சுவார்த்தையோடுதான் தொடங்கும்.

இரண்டாவது, முன்பதிவு. ரசிகர்கள் மொய்க்கும் இடங்களில் பலவற்றுக்கு வாசலில் டிக்கெட் கிடைக்காது. ஒரு மாதம், இரண்டு மாதம் முன்பே எடுத்தாக வேண்டும். திட்டம் போட்டுச் செய்கிற ஆளா, தோன்றியபோது கிளம்புகிற ஆளா என்பதைப் பொறுத்து நகரமே மாறும்.

மூன்றாவது சாப்பாடு. ருசியை மட்டும் சொல்லவில்லை. இரண்டு பேராகப் போனால் என்ன கிடைக்கும், ஒருவர் சைவம் என்றால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும்.

நான்காவது, விமானக் கட்டணம், தங்குமிடம் என்று போட்ட கணக்குக்கு வெளியே வந்து விழும் செலவுகள். ஐந்தாவது, விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர ஆகும் நேரம். நான்கு நாள் பயணத்தில் போக வர அரை நாள் போனால் அது பெரிய இழப்பு.

விசாவை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. அது ஊரைப் பொறுத்ததல்ல, உங்கள் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. இருவரும் வெவ்வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் ஒருவருக்கு இணையத்தில் அனுமதி வாங்கினால் போதும், மற்றவருக்கு வாரக்கணக்கில் ஆகலாம். அதை முதல் வேலையாகப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

| | டோக்கியோ | சியோல் | லண்டன் |
|---|---|---|---|
| யாருக்கு ஏற்றது | அனிமே, மாங்கா (ஜப்பானியப் படக்கதை), கேம் ரசிகர்கள் | கே-பாப், கொரியத் தொடர் ரசிகர்கள் | ஹாரி பாட்டர், ஷெர்லாக், பீட்டில்ஸ், கால்பந்து ரசிகர்கள் |
| ரசிக இடங்களும் பார்க்கும் இடங்களும் | தனித்தனிப் பேட்டைகள், ஆனால் ரயிலில் நெருக்கம் | பெரும்பாலும் கலந்தே இருக்கும் | சிதறியிருக்கும். முக்கியமான ஒன்று ஊருக்கு வெளியே |
| முன்பதிவுக் கெடுபிடி | அதிகம் | கச்சேரிக்கு மட்டும் அதிகம் | ஹாரி பாட்டர் ஸ்டுடியோவுக்கும் கால்பந்துக்கும் அதிகம் |
| சைவம் | தேடித்தான் பிடிக்க வேண்டும் | தேடித்தான் பிடிக்க வேண்டும் | எங்கும் எளிது |
| பணம் கரையும் இடம் | கப்சூல் பொம்மை, தீம் கஃபே | ஆல்பம், ஃபோட்டோகார்டு (கலைஞர் படம் போட்ட அட்டை), அழகுசாதனக் கடை | தங்குமிடம், உணவகப் பில் |
| விமான நிலையத்திலிருந்து | ஹனேடா அருகில், நரிட்டா தொலைவில் | இன்சியோனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் | ஹீத்ரோவிலிருந்து நேரடி ரயில்கள் |

## டோக்கியோ

அனிமே ரசிகர் என்றால் அகிஹாபராவில் தொடங்குவார். மாடி மாடியாக அனிமே பாத்திரங்களின் ஃபிகர் பொம்மை, மாங்கா, பழைய கேம், கார்டு கடைகள். ஞாயிறு பிற்பகலில் நடுவே ஓடும் சுவோ சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். சாலை நடுவில் நடந்து படம் எடுக்கலாம். ஆர்வமில்லாதவருக்கு முதல் ஒரு மணி நேரம் வேடிக்கையாக இருக்கும், அதற்குப் பிறகு கால் வலிக்கத் தொடங்கும். ஆனால் அகிஹாபராவிலிருந்து யமனோதே ரயிலில் இரண்டாவது நிறுத்தம் உவேனோ. அங்கே டோக்கியோ தேசிய அருங்காட்சியகம், பெரிய பூங்கா, ரயில் பாதையை ஒட்டிய அமேயோகோ சந்தை. ரசிகரைக் கடைக்குள் விட்டுவிட்டு மற்றவர் உவேனோ போய்வரலாம். சுகுபா எக்ஸ்பிரஸ் ரயிலில் போனால் சென்சோ-ஜி கோயில் இருக்கும் அசகுசாவும் இரண்டே நிறுத்தம்தான். மாலையில் அங்கே சேர்ந்துகொள்ளலாம்.

இருவருக்கும் பிடிக்கும் ஓர் இடம் அகிஹாபராவிலிருந்து நடக்கும் தொலைவிலேயே இருக்கிறது: கண்டா மியோஜின் ஆலயம். பழமையான ஷின்டோ ஆலயம். கணினி பழுதாகாமல் காக்கும் தாயத்துகூட அங்கே விற்கிறார்கள். ஒரு அனிமே தொடரில் இடம்பெற்றதால் ரசிகர்களும் வந்து தங்கள் பாத்திரங்களை வரைந்த வேண்டுதல் பலகைகளைத் தொங்கவிடுகிறார்கள். ஒருவர் கோயில் பார்க்கிறார், ஒருவர் பலகைகளைப் பார்க்கிறார். இப்படி அமைகிற இடம் டோக்கியோவில் அதிகம் இல்லை என்பதால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

டோக்கியோவில் ஒரே ஒரு நாளை மிகக் கச்சிதமாக அமைக்க முடியும் என்றால் அது சுவோ ரயில் பாதையில்தான். காலையில் மிதகாவில், அனிமே படங்கள் எடுக்கும் ஜிப்லி ஸ்டுடியோவின் அருங்காட்சியகம். அது 2001இல் திறந்தது. இனோகஷிரா பூங்காவை ஒட்டி இருக்கிறது. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, அதனால் எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். ஜிப்லி படம் ஒன்றுகூடப் பார்க்காத நண்பருக்கும் அந்தக் கட்டடமே பிடித்துப்போகும். அங்கிருந்து பூங்கா வழியாக நடந்தால் கிச்சிஜோஜி. மதியச் சாப்பாட்டுக்கு அருமையான பேட்டை. அப்புறம் நகானோ பிராட்வே. பழைய மாங்காவும் அரிய பொம்மைகளும் தேடுகிறவர்கள் அகிஹாபராவைவிட இதைத்தான் விரும்புவார்கள். அங்கே பல கடைகள் நண்பகலில்தான் திறக்கும் என்பதால் பிற்பகலுக்கு வைத்துக்கொள்வது சரி. மாலையில் ஷின்ஜுகு. பெருநகர அரசுக் கட்டடத்தின் 45ஆம் மாடிக்கு லிஃப்டில் ஏறினால் ஊர் முழுவதும் தெரியும், கட்டணம் கிடையாது. இறங்கி வந்து ஒமொயிதே யோகோச்சோ சந்தில் கரியில் சுட்ட கோழிக் குச்சிகள். இந்த நாளில் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

இதில் சிக்கல் ஜிப்லி டிக்கெட்தான். அடுத்த மாதம் முழுவதற்குமான டிக்கெட்டுகள் ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு விற்பனைக்கு வரும். வாசலில் விற்பதில்லை. விலை பெரியவர்களுக்கு 1,000 யென்தான். தேதி கிடைப்பதுதான் கடினம். போகெமான் கஃபே மாதிரி இடங்களுக்கும் ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே இணையத்தில் இடம் பிடிக்க வேண்டும். 'போய்ப் பார்த்துக்கலாம்' என்கிற ஜோடிக்கு டோக்கியோ ஏமாற்றம் தரும்.

ஹாரி பாட்டர் ரசிகருக்கும் ஒரு செய்தி. லண்டனில் இருப்பது போன்ற, அந்தப் படங்களை எடுத்த விதத்தைக் காட்டும் வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோ சுற்று 2023 முதல் டோக்கியோவிலும் இருக்கிறது. பழைய தோஷிமாயென் பொழுதுபோக்குப் பூங்கா இருந்த இடத்தில் கட்டினார்கள். இகெபுகுரோ பேட்டையிலிருந்து செய்பு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஒருவருக்கு அனிமே, மற்றவருக்கு ஹாரி பாட்டர் என்றால் இந்த ஒரே காரணத்துக்காக டோக்கியோவைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த இகெபுகுரோவிலேயே பெண் ரசிகர்களுக்கான அனிமே கடைகள் வரிசையாக இருக்கும் ஒதோமே சாலையும் இருக்கிறது.

சாப்பாட்டில் டோக்கியோவைக் குறை சொல்ல எதுவும் இல்லை, நீங்கள் மீனும் இறைச்சியும் சாப்பிடுகிறவராக இருந்தால். வாசலில் இயந்திரத்தில் காசு போட்டு டோக்கன் எடுத்து உட்காரும் ராமென் நூடுல்ஸ் கடைகள், சுழலும் தட்டில் வரும் சுஷி, பெரிய அங்காடிகளின் நிலத்தடித் தளத்தில் இருக்கும் உணவுக் கூடங்கள் என்று நடுத்தரப் பணத்தில் உயர்தரமாகச் சாப்பிடலாம். டிப்ஸ் கிடையாது. சுகிஜியில் மொத்த மீன் விற்பனை 2018இல் தொயோசுவுக்கு மாறிவிட்டாலும் வெளிச்சந்தை அங்கேயே இருக்கிறது; புதனும் ஞாயிறும் பல கடைகள் மூடியிருக்கும். சைவம் சாப்பிடுகிறவர் கவனிக்க வேண்டியது தாஷி என்னும் மீன் சாறு. காய்கறி நூடுல்ஸ், சூப், தொட்டுக்கொள்ளும் சாறு என்று எல்லாவற்றிலும் அது இருக்கும். 'இறைச்சி இல்லை' என்று கடைக்காரர் சொன்னாலும் மீன் இருக்கலாம். சைவக் கடைகள் உண்டு. பசித்த பிறகு தேடினால் கிடைக்காது, காலையிலேயே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, கணக்கில் வராத செலவுகள். கப்சூல் பொம்மை இயந்திரத்தில் ஒரு திருகல் சில நூறு யென், கொக்கி போட்டுப் பொம்மை எடுக்கும் இயந்திரத்தில் ஒரு ஆட்டம் 100 யென். சில்லறைதானே என்று தோன்றும். ஒரு மாலையில் ஒரு நல்ல இரவுச் சாப்பாட்டின் விலை போய்விடும். பணிப்பெண் உடையில் பரிமாறும் மெய்ட் கஃபேயில் உட்காருவதற்கே தலைக்கு ஒரு கட்டணம், அதன் மேல் ஆளுக்கு ஒரு பண்டமாவது வாங்க வேண்டும். இசகயா என்னும் ஜப்பானிய மதுக்கடையில் நீங்கள் கேட்காமலேயே ஒரு சிறு தட்டு வரும்; அதுவும் இருக்கைக் கட்டணம்தான். ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். கடைசி ரயிலைத் தவறவிட்டால் டாக்சி விலை கடிக்கும்.

நண்பர்கள் மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம் ஓட்டல் அறை. 'செமி டபுள்' என்று மலிவாகக் காட்டும் அறையில் இருப்பது ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் அகலக் கட்டில். இரண்டு பேருக்கு என்று விற்பார்கள். இரண்டு தனிக் கட்டில் வேண்டும் என்றால் 'ட்வின்' என்று பார்த்து எடுங்கள், அறையின் சதுர மீட்டரையும் பாருங்கள். இரண்டு பெரிய பெட்டிகளைத் திறந்துவைக்கக்கூட இடமில்லாத அறைகள் நிறைய. விமானம் நரிட்டாவில் இறங்குகிறதா ஹனேடாவிலா என்பதையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். நரிட்டா ஊரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ரயில் கட்டணத்தையும் நேரத்தையும் சேர்த்தால் மலிவு டிக்கெட் மலிவாக இராது.

## சியோல்

கே-பாப் ரசிகர் பலர் சியோலுக்குப் போகும்போது மனத்தில் ஒரு படம் வைத்திருப்பார்கள்: நிறுவனக் கட்டட வாசலில் நின்றால் தனக்குப் பிடித்தவர் இறங்கி வருவார் என்று. அதை விமானம் ஏறும் முன்பே விட்டுவிடுவது நல்லது. யோங்சானில் இருக்கும் ஹைப் என்ற கே-பாப் நிறுவனத்தின் கட்டடம் ஓர் அலுவலகம். உள்ளே இருந்த ஹைப் இன்சைட் அருங்காட்சியகமும் 2023இன் தொடக்கத்தில் மூடப்பட்டது. பெரிய குழுக்கள் ஆண்டின் பல மாதங்கள் வெளிநாட்டுச் சுற்றில் இருக்கும். வாராந்திர இசை நிகழ்ச்சிகள் உண்டு. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என்று ஒவ்வொரு தொலைக்காட்சிக்கும் ஒரு நாள். உள்ளே நுழையப் பெரும்பாலும் ரசிகர் மன்ற உறுப்பினராக இருந்து குலுக்கலில் பெயர் வர வேண்டும்.

அப்படியானால் சியோலில் என்ன இருக்கிறது? ரசிகர்களே கட்டியெழுப்பிய உலகம் இருக்கிறது, அதுதான் எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்தது. பிறந்தநாள் கஃபேக்களைப் பாருங்கள். ஒரு கலைஞரின் பிறந்தநாளை ஒட்டி ரசிகர்கள் சேர்ந்து ஒரு சாதாரணக் கஃபேயைச் சில நாட்களுக்கு எடுத்து, சுவர் முழுக்கப் படங்கள், பலூன்கள், அவர் முகம் அச்சிட்ட காகித உறை சுற்றிய கோப்பைகள் என்று அலங்கரிப்பார்கள். ஒரு காபி வாங்கினால் போதும், அந்த உறையும் அட்டைகளும் கையில் கிடைக்கும். ஹோங்டே பக்கம் இவை நிறைய. கே-பாப் தெரியாத நண்பர் அங்கே ஒரு நல்ல காபி குடித்துவிட்டு, முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் அட்டை மாற்றிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். யாருக்கும் அது வீண் நேரம் ஆகாது. நீங்கள் போகும் வாரத்தில் யாருக்குப் பிறந்தநாள் என்று பார்த்துவிட்டு, எக்ஸ் தளத்தில் கொரிய மொழியில் கலைஞர் பெயரோடு தேடினால் முகவரிகள் கிடைக்கும்.

சோங்சு பேட்டையும் அப்படித்தான். பழைய தொழிற்கூடங்களைக் கஃபேக்களாகவும் குறுகிய காலக் கடைகளாகவும் மாற்றியிருக்கிறார்கள். எஸ்எம் என்ற கே-பாப் நிறுவனத்தின் க்வாங்யா கடையும் அருகில், சியோல் வனம் என்னும் பெரிய பூங்காவும் அருகில். ஒருவர் ஆல்பம் பார்க்க, ஒருவர் மரத்தடியில் உட்கார, பத்து நிமிட நடைதான் இடைவெளி.

ஊர் பார்ப்பதற்கு அங்குக் ரயில் நிலையத்தை மையமாக வைத்துக்கொண்டால் ஒரு நாள் முழுக்க நடந்தே போய்விடும். 1395இல் கட்டிய கியோங்போக்குங் அரண்மனை ஒரு பக்கம், யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் சாங்டோக்குங் மறு பக்கம், நடுவில் புக்சோன் பழைய வீட்டுத் தெருக்கள், கீழே இன்சாடோங் கடைத்தெரு. கியோங்போக்குங் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், சாங்டோக்குங் திங்கட்கிழமை. ஹன்போக் என்னும் கொரிய மரபு உடையை வாடகைக்கு எடுத்து உடுத்திப் போனால் நுழைவு இலவசம். நுழைவுக் கட்டணம் சொற்பம், வாடகை அதைவிடப் பல மடங்கு. அதனால் பணம் மிச்சம் என்று நினைத்து எடுக்காதீர்கள், இருவருமாக உடுத்திப் படம் எடுக்க ஆசை இருந்தால் எடுங்கள். புக்சோனில் மக்கள் குடியிருக்கிறார்கள். நெரிசல் மிகுந்த பகுதியில் சுற்றுலாப் பயணிகள் காலை 10 முதல் மாலை 5 வரைதான் போகலாம். மீறினால் 1,00,000 வொன் அபராதம், 2025 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. 'அதிகாலையில் கூட்டமில்லாமல் படம் எடுங்கள்' என்ற பழைய அறிவுரையை நம்பிப் போக வேண்டாம்.

அங்கிருந்து சோங்க்யேசோன் ஓடையை ஒட்டிக் கிழக்கே நடந்தால் குவாங்சாங் சந்தை. 1905இல் தொடங்கியது. பச்சைப்பயற்றை அரைத்து எண்ணெயில் மொறுமொறுவென்று சுடும் பிந்தேதோக், கடற்பாசித் தாளில் சோறு சுருட்டிய விரல் நீள கிம்பாப், கத்தியால் வெட்டிய நூடுல்ஸ். பெஞ்சில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து சாப்பிட வேண்டும். விலையைக் கேட்டுவிட்டு உட்காருவது நல்லது.

நண்பரோடு போவதற்குச் சியோல் ஏன் பொருத்தம் என்பது சாப்பாட்டு மேசையில்தான் புரியும். மேசையில் அடுப்பு வைத்து இறைச்சி சுடும் கடைகளில் பெரும்பாலும் குறைந்தது இரண்டு பங்கு வாங்கியாக வேண்டும். தனியாகப் போகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. இரண்டு பேருக்கு அதுவே சரியான அளவு. கூட வரும் கிம்ச்சி, முளைப்பயறு, கீரைத் தட்டுகளைக் கேட்டால் மறுபடி நிரப்பித் தருவார்கள், காசு இல்லை. டிப்ஸும் இல்லை. மாலையில் ஹான் ஆற்றங்கரைப் பூங்காவில் பாய் விரித்து, பொரித்த கோழியை வரவழைத்துச் சாப்பிடுவது ஊர்க்காரர்களின் வழக்கம்; கொரியத் தொடர் பார்ப்பவருக்கு அதுவே ரசிகப் பயணம், பார்க்காதவருக்கு நல்ல சாப்பாடு. சைவத்துக்கு இங்கேயும் மீன் சாற்றுத் தொல்லை உண்டு. நெத்திலிக் கருவாடு பல குழம்புகளுக்கு அடிப்படை, கிம்ச்சியிலும் மீன் ரசம் கலந்திருக்கும். இன்சாடோங் பக்கம் பௌத்த மடங்களின் சமையல் முறைப்படி பரிமாறும் உணவகங்கள் இருக்கின்றன. விலை கூடுதல், ஆனால் ஒரு வேளையாவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டிய சமையல்.

பணம் கரைவது ஆல்பத்தில். உள்ளே எந்த ஃபோட்டோகார்டு இருக்கும் என்று தெரியாது. வேண்டியது கிடைக்கும்வரை ஒரே ஆல்பத்தைத் திரும்பத் திரும்ப வாங்குவார்கள். ஆல்பங்கள் கனமானவை, திரும்பும் விமானத்தில் கூடுதல் சுமைக் கட்டணம் வரும். தனி அட்டை விற்கும் கடைகளில் வேண்டியதை மட்டும் வாங்குவது மலிவு. மற்றவரின் பணம் முகப்பூச்சுக் கடைகளில் போகும், அது வேறு கணக்கு. கச்சேரி டிக்கெட் வாங்கினால் டிக்கெட்டில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்; ஒருவர் பெயரில் இரண்டு டிக்கெட் எடுத்தால் இருவரும் ஒன்றாக வாசலுக்குப் போக வேண்டியிருக்கலாம். இடைத்தரகரிடம் கூடுதல் விலைக்கு வாங்கினால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும் ஆபத்து உண்டு.

போக்குவரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்சியோனிலிருந்து ஏரெக்ஸ் விரைவு ரயில் 43 நிமிடத்தில் சியோல் நிலையம் சேர்க்கும். எல்லா நிறுத்தத்திலும் நிற்கும் ரயில் ஒரு மணி நேரம் எடுக்கும், விலை பாதிக்கும் கீழே. ரயில், பேருந்துக்கான டி-மணி கார்டில் பணம் ஏற்றக் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வழி பார்க்க நேவர் மேப்பை முன்பே இறக்கி வையுங்கள், உள்ளூர்க்காரர்கள் நம்புவது அதைத்தான்.

## லண்டன்

லண்டனில் ஹாரி பாட்டர் ரசிகரின் முதல் ஆசை ஸ்டுடியோ சுற்று. 2012இல் திறந்தது. பெயரில் லண்டன் இருந்தாலும் இருப்பது வாட்ஃபோர்டு அருகே லீவ்ஸ்டனில். யூஸ்டனிலிருந்து வாட்ஃபோர்டு ஜங்ஷனுக்கு விரைவு ரயிலில் 20 நிமிடம், அங்கிருந்து பேருந்து. உள்ளே மூன்று நான்கு மணி நேரம் போய்விடும், எனவே ஒரு நாளில் பெரும்பகுதி காலி. டிக்கெட் தலைக்கு 50 பவுண்டுக்கு மேல், வாசலில் கிடையாது, பள்ளி விடுமுறைக் காலத்தில் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். படம் பார்க்காத நண்பரையும் அங்கே அழைத்துப் போக வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். சினிமா எப்படி எடுக்கிறார்கள் என்பதில் ஆர்வம் இருப்பவர் என்றால் தாராளமாக அழைத்துப் போகலாம். இல்லையென்றால் அன்று இருவரும் தனித்தனியாகச் சுற்றிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குச் சந்திப்பது மேல். லண்டனில் தனியாக ஒரு நாள் கழிக்க வழியே தேட வேண்டாம்: பிரிட்டிஷ் அருங்காட்சியகம், தேசியக் கலைக்கூடம், விக்டோரியா-ஆல்பர்ட், டேட் மாடர்ன் எல்லாவற்றிலும் நிரந்தரக் காட்சிகள் இலவசம்.

ஊருக்குள் இருக்கும் ரசிக இடங்களைச் சரியாக வரிசைப்படுத்தினால் இருவரும் சேர்ந்தே பார்க்கலாம். யூஸ்டன் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் ஹாரி பாட்டர் கதையில் வரும் 9¾ நடைமேடையின் தள்ளுவண்டி. படம் எடுக்கக் காசில்லை, வரிசைதான் நீளம். பக்கத்திலேயே பிரிட்டிஷ் நூலகம். அதன் அரும்பொருள் கூடத்தில் பழைய ஆங்கிலேய உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவும் இருக்கிறது, பீட்டில்ஸ் கையால் எழுதிய பாடல் வரிகளும் இருக்கின்றன, நுழைவு இலவசம். அதே சாலையில் மேற்கே நடந்தால் நார்த் கோவர் தெரு. பிபிசியின் ஷெர்லாக் தொடரில் 221பி பேக்கர் தெருவாகக் காட்டிய கதவு இங்கேதான். உண்மையான பேக்கர் தெருவில் 1990 முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது, அது சிறியது, கட்டணமும் உண்டு. தொடரின் ரசிகருக்கு நார்த் கோவர் தெரு, கதைகளின் ரசிகருக்குப் பேக்கர் தெரு.

இன்னொரு நல்ல நடை லெடன்ஹால் சந்தையில் தொடங்கும். முதல் ஹாரி பாட்டர் படத்தில் வந்த இடம். படம் தெரியாதவருக்கும் அந்த அலங்காரக் கூரை அழகுதான். அங்கிருந்து செயின்ட் பால் பேராலயம், மில்லெனியம் பாலம், டேட் மாடர்ன், கடைசியில் பரோ சந்தை. திங்கட்கிழமை அந்தச் சந்தை மூடியிருக்கும்.

பீட்டில்ஸ் ரசிகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அபே ரோடு என்று ரயில் வரைபடத்தில் ஒரு நிலையம் உண்டு. அது கிழக்கு லண்டனில் இருக்கிறது, அந்தப் புகழ்பெற்ற பாதசாரிக் கடவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இறங்க வேண்டியது செயின்ட் ஜான்ஸ் வுட். கால்பந்து ரசிகர் என்றால் பெரிய அணிகளின் போட்டி டிக்கெட்டுக்கு உறுப்பினராக வேண்டியிருக்கும். மைதானச் சுற்று எளிதாகக் கிடைக்கும், ஆனால் போட்டி நாளில் வழக்கமான சுற்று இருக்காது.

சாப்பாட்டில் சைவருக்கு இந்த மூன்றில் லண்டன்தான் சொர்க்கம். மெனுவிலேயே குறி போட்டிருப்பார்கள், கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள், உலகத்தின் எல்லாச் சமையலும் இருக்கிறது. பிரிக் லேனில் இரவு முழுக்கத் திறந்திருக்கும் பேகல் (வளைய ரொட்டி) கடை நள்ளிரவுப் பசிக்கு நல்லது. ஆனால் உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களில் பில்லோடு 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்து வருவது வழக்கம். விலைப்பட்டியலைப் பார்த்துப் போட்ட கணக்கு அங்கே உடையும்.

அதைவிடப் பெரிய செலவு தங்குமிடம். ஊர் நடுவில் அறை விலை மற்ற இரண்டு நகரங்களைவிட எளிதில் எகிறும். வாங்கிய பொருளுக்கு வரியைத் திரும்பப் பெறும் வசதியும் 2021 முதல் அங்கே இல்லை. ஜப்பானிலும் கொரியாவிலும் சுற்றுலாப் பயணிக்கு அது உண்டு; ஜப்பானில் 2026 நவம்பர் முதல் கடையில் முழு விலை கொடுத்துவிட்டு விமான நிலையத்தில் திரும்பப் பெறும் முறை என்று அறிவித்திருக்கிறார்கள். லண்டனில் மிச்சம் பிடிக்க வழி பேருந்து: ஒரு டிக்கெட் கட்டணத்தில் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து வேண்டுமானாலும் மாறலாம். மாடிப் பேருந்தின் முன் இருக்கையில் உட்கார்ந்தால் ஊரும் பார்த்த மாதிரி. ஹீத்ரோவிலிருந்து பிக்காடிலி ரயில் மலிவு, எலிசபெத் ரயில் வேகம்.

பகல் நேரத்தையும் பாருங்கள். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். ஜூனில் ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். அதே நான்கு நாள் பயணம் ஜூனில் ஏறத்தாழ இரு மடங்கு நீளம்.

## எந்த ஜோடிக்கு எந்த ஊர்

ஒருவர் மட்டும் ரசிகர், மற்றவர் சாப்பாட்டுக்கும் ஊருக்கும் வருகிறவர் என்றால் நான் சியோலைத்தான் சொல்வேன், அந்த ரசிகர் கே-பாப் ரசிகராக இல்லாவிட்டாலும்கூட. நான்கு நாளில் அடங்கும், முன்பதிவுத் தொல்லை குறைவு, இரண்டு பேர் சாப்பிட அமைந்த ஊர். கொரியாவைப் பற்றி ஒன்றுமே தெரியாத இருவர்கூடப் போகலாம். ஆனால் சூசோக் (அறுவடைத் திருநாள்), சோலால் (கொரியப் புத்தாண்டு) பண்டிகை நாட்களில் வேண்டாம், குடும்பம் நடத்தும் கடைகள் மூடியிருக்கும். ஜூன் கடைசியும் ஜூலையும் மழைக்காலம்.

இருவருமே அனிமே ரசிகர்கள் என்றால் டோக்கியோதான், வேறு பேச்சே இல்லை. நான்கு நாளுக்குப் பதில் ஐந்தாறு நாள் எடுங்கள். இரண்டு பேரின் ரசிக உலகமும் வேறு வேறு என்றாலும் டோக்கியோ தாங்கும். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் ஜப்பானியர்களின் நீண்ட விடுமுறை. அப்போது எல்லா இடத்திலும் கூட்டம், விலையும் ஏறும்.

இருவரில் ஒருவர் கண்டிப்பான சைவம் என்றால், அல்லது இருவருமே வெளிநாட்டில் மொழி தெரியாமல் திணறத் தயங்குகிறவர்கள் என்றால், லண்டன். ஹாரி பாட்டருக்காக மட்டுமே லண்டன் என்றால் மறுபடி யோசியுங்கள். அருங்காட்சியகமும் நாடகமும் சேர்ந்தால்தான் அந்த அறை வாடகைக்கு நியாயம் கிடைக்கும். லெஸ்டர் சதுக்கத்தில் இருக்கும் டிகேடிஎஸ் சாவடியில் அன்றைய நாடக டிக்கெட் தள்ளுபடியில் கிடைக்கும்.

முடிவு செய்தபிறகு எந்த வரிசையில் வேலை பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். பலர் மலிவாகக் கிடைத்தது என்று முதலில் விமானத்தைப் போட்டுவிட்டு, பிறகு ஸ்டுடியோவுக்கோ ஜிப்லிக்கோ தேதி இல்லை என்று தவிக்கிறார்கள். விசா வேண்டுமா என்று பார்த்த கையோடு, ரசிகருக்கு விட்டுக்கொடுக்கவே முடியாத ஒரே ஒரு இடம் எது என்று அவரிடம் கேளுங்கள். லண்டன் ஸ்டுடியோ, கச்சேரி போன்றவற்றின் டிக்கெட்டைப் பிடித்துவிட்டு, அந்தத் தேதியைச் சுற்றி விமானத்தையும் அறையையும் போடுங்கள். ஜிப்லிக்கு அப்படிச் செய்வது கொஞ்சம் கடினம், முந்தைய மாதம் 10ஆம் தேதிதான் விற்பனை தொடங்கும். அதனால் டோக்கியோவுக்கு ரத்து செய்யக்கூடிய அறையை முன்பே எடுத்து வைத்துக்கொண்டு, 10ஆம் தேதி காலை இருவரும் தத்தம் கணினியில் உட்காருங்கள், யாருக்கு முதலில் வரிசை வருகிறதோ அவர் இரண்டு டிக்கெட்டையும் எடுத்துவிடலாம்.